ஆலமரம் என்று வாங்கிய போன்சாய்: இது எந்த மரம், எப்போது மண் மாற்றுவது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

அனைவருக்கும் வணக்கம். ஓணத்தை ஒட்டி மண்ணுத்தியில் ஒரு நாற்றுப் பண்ணையில் 'ஆலமர போன்சாய்' என்று சொல்லிக் கொடுத்த மரம் எங்கள் முற்றத்தில் இருக்கிறது. அடிப்பகுதி கிழங்குபோல் பருத்த வேர்களாக உள்ளது. இலைகள் தடித்து, பளபளப்பாக, முனை மழுங்கி, விரல் நீளத்துக்கும் குறைவாக இருக்கின்றன. ஆனால் பருத்த பகுதியிலிருந்து புதிதாக முளைத்த ஒரு கிளையில் மட்டும் இலைகள் பெரிதாக வருகின்றன. தண்ணீர் ஊற்றினால் களிமண்ணின்மேல் வெகுநேரம் தேங்கி நிற்கிறது. பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. சில இலைகள் நடுவில் மடிந்து, உள்ளே கறுப்புப் பூச்சிகள் தெரிகின்றன. இது உண்மையில் எந்த மரம்? கார்த்திகையிலேயே மண்ணை மாற்றி உரமிடலாமா?

பதில் (சித்தூர், பாலக்காடு)

ஆலமரம் அன்று. ஆலின் இலை உள்ளங்கை அளவு அகன்றிருக்கும். அரசாக இருந்தால் இலைமுனை வால்போல் நீளும். வெள்ளால் எனப்படும் பெஞ்சமினாவின் இலை மெல்லியது, கூர்முனை கொண்டது, கிளைகளும் தொங்கும். நீங்கள் எழுதியிருப்பது கல்லிச்சி, அதாவது ஃபைக்கஸ் மைக்ரோகார்பா. விதையிலிருந்து வளர்த்து வேரைப் பருக்கவைத்து, அதன்மேல் சிற்றிலை வகையை ஒட்டுக் கட்டி, ஜின்செங் ஃபைக்கஸ் என்ற பெயரில் விற்பார்கள். பெரிய இலைக் கிளை ஒட்டுக்குக் கீழே, அடிமரத்திலிருந்து வந்தது. அதை விட்டுவைத்தால் மேல்பகுதியை அமுக்கிவிடும் என்பதால், அடியோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றினால் நின்றுவிடும். கையில் பட்டால் அரிக்கும், கண்ணில் படவே கூடாது.

மடிந்த இலைகளுக்குள் இருப்பவை இலைப்பேன்கள். மருந்து உள்ளே எட்டாது என்பதால், அந்த இலைகளைக் கிள்ளி எரிப்பதே முதல் வேலை.

பதில் (செங்கோட்டை)

மரத்தை அடையாளம் கண்டதில் எனக்கும் ஐயமில்லை. மண் மாற்றுவதற்கு மட்டும் இது காலமன்று. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, வேர் வெட்டுப்பட்ட மரத்தின் இலைகளைக் காயவைத்துவிடும். மாசியில் புதுத் துளிர் கிளம்பும்போது செய்யுங்கள். அதுவரை மரம் நட்டிருக்கும் தட்டின் வடிதுளைகள் அடைபட்டுள்ளனவா என்று பார்த்து, மேல்மண்ணைக் குச்சியால் மெல்லக் கிளறி, விரல் விட்டால் காய்ந்திருக்கும்போது மட்டும் நீர் ஊற்றுங்கள். இலை மஞ்சளாவதற்குக் காரணம் பசியன்று, காற்றில்லாமல் வேர் மூச்சுத்திணறுவதே என்பது என் கணிப்பு.

மண் கலவைக்கு, பட்டாணி அளவுக்கு உடைத்துத் தூசி சலித்த செங்கல் சல்லி இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு போதும். தோட்டத்துக் களிமண்ணைச் சிறிதும் சேர்க்காதீர்கள். மெல்லிய வேர்களில் மூன்றில் ஒரு பங்குவரை வெட்டலாம். பருத்த வேர்கள்தாம் இம்மரத்தின் அழகு, அவற்றைத் தொட வேண்டாம். நட்டபின் மரம் அசையாதபடி கம்பியால் தட்டோடு கட்டிவிடுங்கள், ஏனெனில் அங்குள்ள காற்றில் ஆடும் மரம் புதுவேர் பிடிக்காது.

பதில் (கம்பம்)

செங்கோட்டை அன்பர் சொன்ன காலத்தில் மட்டும் மாறுபடுகிறேன். மாசியில் மாற்றினால் வேர் பிடிப்பதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும், கிழக்குப் பாலக்காட்டு வெயில் கடுமையானது. கோடை மழை இரண்டொன்று பெய்தபின் வைகாசியில் செய்து, இரண்டு வாரம் நிழலில் வைப்பதே என் வழக்கம். நிழல்வலை கட்ட வசதியிருந்தால் மாசியிலும் தவறில்லை.

உரத்தைப் பொறுத்தவரை, வேர் நலிந்த மரத்துக்கு இப்போது எதுவும் வேண்டாம். மண் மாற்றிப் புதுத்துளிர் விரிந்தபின், கடலைப் புண்ணாக்கை ஒரு வாரம் ஊறவைத்துத் தெளிந்த நீரில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊற்றுங்கள். நாற்றம் பிடிக்காதவர்கள் நீரில் கரையும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் கொடுக்கலாம். அடைமழைக் காலத்தில் திரவ உரம் தட்டில் தங்காது. அப்போது மண்புழு உரத்தைச் சிறிது மேலே தூவினால் போதும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. அடிமரக் கிளையை இன்றே வெட்டிவிடலாமா, அல்லது அதற்கும் மாசி வரை காத்திருக்க வேண்டுமா?

பதில் (சித்தூர், பாலக்காடு)

அதை இன்றே வெட்டலாம், ஒரு கிளை போவதால் மரம் தளராது. மேல்பகுதியில் மட்டும் இப்போது கத்தரிக்கோலை வைக்காதீர்கள். இருக்கும் இலைகள்தாம் வேரைத் தேற்ற வேண்டும்.