வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்தாரா மீட்?

செங்கோடன்:
அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜூலை 14 அன்று அதிபர் லிங்கன் தன் வடக்குப் படைத் தளபதி ஜெனரல் மீடுக்கு எழுதிய கடிதத்தை இன்றுதான் முழுதாகப் படித்தேன். மனுஷன் எவ்வளவு நொந்துபோயிருக்கிறார்! கெட்டிஸ்பர்க் போரில் மீடிடம் தோற்ற தெற்குத் தளபதி லீ, போட்டோமாக் ஆற்றங்கரையில் வில்லியம்ஸ்போர்ட் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிறார். மழையில் ஆறு பெருகிக் கிடக்கிறது. மிதவைப் பாலத்தை வடக்கின் குதிரைப்படை ஏற்கெனவே நாசமாக்கிவிட்டது. 12ஆம் தேதி இரவு மீட் என்ன செய்தார்? தளபதிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்! அதற்குள் லீயின் ஆட்கள் ஊரிலிருந்த கட்டடங்களைப் பிரித்து, அந்த மரத்தில் பாலம் போட்டு, 13 இரவோடு இரவாக அக்கரை சேர்ந்துவிட்டார்கள்.

முத்துவேல்:
வாஷிங்டனில் தந்திக்குக் காத்திருந்தவருக்கு எல்லாம் சுலபம்தான். மீட் தலைமை ஏற்றதே ஜூன் 28. அதிலிருந்து மூன்றாம் நாளே கெட்டிஸ்பர்க் போர். அவருடைய தளபதிகளில் ரெனால்ட்ஸ் செத்தார், ஹான்காக்கும் சிக்கிள்ஸும் படுகாயம், செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து அவர் படையின் மொத்த இழப்பு சுமார் 23,000. லீயும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அகழி வெட்டி, மண்மேடு எழுப்பியிருந்தார். ஜூலை 3 அன்று லீயின் தளபதி பிக்கெட்டின் படை திறந்த வெளியில் ஏறிவந்து அழிந்ததே, அதே தப்பை மீட் செய்ய வேண்டுமா? தளபதிகளில் பெரும்பாலோர் தாக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

செங்கோடன்:
சரி, லிங்கன் கடிதத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். லீ மாட்டிக்கிடந்த திங்கட்கிழமை தாக்க முடியாதவர், ஆற்றுக்குத் தெற்கே மூன்றில் இரண்டு பங்குப் படையோடு எப்படித் தாக்குவார்? இன்னொன்று: ஜூலை 4 அன்று மீட் விட்ட ஆணையில், படையெடுத்து வந்தவனை ‘நம் மண்ணிலிருந்து’ விரட்டுவோம் என்றார். பிரிந்து நிற்கும் தெற்கும் நம் மண்தானே என்று லிங்கன் கடுப்பானார். விரட்டினால் போதும் என்று நினைப்பவர் எப்படி மடக்கிப் பிடிப்பார்?

நீலா:
அந்தக் கடிதம் போகவே இல்லையே! உறையில் லிங்கனே ‘அனுப்பவில்லை, கையெழுத்திடவில்லை’ என்று குறித்து வைத்தார். ஆனால் அதிபரின் அதிருப்தியை அப்போதைய தலைமைத் தளபதி ஹாலெக் தந்தியில் சொல்லிவிட்டார். மீட் அன்றே ராஜினாமா கொடுத்தார், ஏற்கவில்லை. ராஜினாமாவுக்கே வந்தவரிடம் இதையும் நீட்ட மனம் வரவில்லை போலும்.

முத்துவேல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். லாயக்கில்லாதவர் என்றால் 1865 வரை அதே படைக்கு அவரையே ஏன் வைத்திருந்தார்?

செங்கோடன்:
வைத்திருந்தார், சரி. அப்புறம் 1864இல் ஜெனரல் கிராண்டை வடக்கின் எல்லாப் படைகளுக்கும் தலைவராக்கினாரே. அந்த கிராண்ட் எங்கே போய்க் கூடாரம் அடித்தார்? மீடின் படையோடுதான்!