பி பிளாக் குழு: வாசிப்பு அறைக் கணக்கு

செல்வி அக்கா: (ஃபார்வர்டு) "உங்க வைஃபை உங்களைப் பின்தொடருது!! உடனே ஆஃப் பண்ணுங்க!!" இது நெசமா?

பாலு: பாதி நெசம்

முருகன் (செயலாளர்): வேவு எல்லாம் இல்லக்கா. வாசிப்பு அறையை ராத்திரி 8க்குப் பூட்டலாமான்னு பார்க்க, அங்க இருக்கற வைஃபைல எப்போ எந்த போன் தெரியுதுங்கற பதிவை (லாக்) எடுத்தோம். வாரத்துக்கு 410 போன், 8க்கு மேல 12தான்.

மீனா: 410ஆ? பிளாக்கே 48 வீடு

ராகவன் சார்: விளக்கமா சொல்றேன். 410ங்கறது போன் இல்ல, மேக் முகவரி, அதாவது வைஃபைல ஒவ்வொரு கருவியும் காட்டுற அடையாள எண். கனெக்ட் ஆகாம சும்மா நெட்வொர்க் தேடுற போனையும் எண்ணியிருக்கீங்க. தேடும்போது போன் அந்த முகவரியை மாத்திக்கிட்டே இருக்கும், ஐபோன்ல 2014லயே வந்தாச்சு. முகவரியோட ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) இதுல ஒண்ணா இருந்தா தற்காலிக முகவரின்னு வெச்சுக்கலாம். ஆனா அதைப் பார்த்து எல்லாத்தையும் தூக்கிடாதீங்க. கனெக்ட் ஆன போனும் இப்படித்தான் காட்டும், ஆனா ஒரே நெட்வொர்க்ல அது பெரும்பாலும் மாறாது. கனெக்ட் ஆனதை மட்டும் எண்ணுங்க.

மீனா: சார் மூச்சு விடுங்க 😄

தங்கராஜ் தாத்தா: மோட்டார் போட்டது யாரு? தொட்டி வழியுது

பாலு: அந்த 12ம் தப்பு. ராத்திரி 3 மணி லாக் பாருங்க, பூட்டின அறைல 9 பேர்

செல்வி அக்கா: ஐயோ!

பாலு: பேய் இல்லக்கா, மேல் வீட்டு போனும் டிவியும். சிக்னல் மைனஸ் 80 டிபிஎம் கிட்ட, பூஜ்யத்துக்குத் தள்ளிப் போகப் போக சிக்னல் வீக். உள்ள உக்காந்தா மைனஸ் 65க்குக் குறையாது. 3 மணிக்கு இருக்கறதை எல்லா மணிலயும் கழிக்கணும்.

முருகன்: அப்போ மூணு பேர்தான். பூட்டிடலாம்.

ராகவன் சார்: அவசரம் வேண்டாம். உருப்படியா படிக்கிற பசங்க ஏரோப்ளேன் மோடு போட்டுடுவாங்க, லாக்ல வரவே மாட்டாங்க. லேப்டாப்பும் போனுமா வந்தா ஒருத்தரே ரெண்டு. திரை அணைஞ்சு 5 நிமிஷம் சும்மா கிடந்தா வைஃபையை நடத்துற கன்ட்ரோலர் போனைக் கழட்டி விடும், ஒரே ஆள் நாலு வருகையா பதிவாவார். 10 நிமிஷத்துக்குள்ள திரும்பினா ஒரே வருகையா ஒட்டிடுங்க. மூணு ராத்திரி 8, 9, 10 மணிக்கு நேர்ல தலையை எண்ணி லாக்கோட ஒப்பிட்டாத்தான் லாக் எண்ணுக்கு நிஜமா எத்தனை பேர்ங்கற விகிதம் கிடைக்கும்.

மீனா: செயலாளர் தேர்தல்ல தோத்த கோபம் இன்னும் ஆறல போல 🤭

ராகவன் சார்: அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

முருகன்: லண்டன் சுரங்க ரயில்லயே 2016ல இப்படி வைஃபை லாக் எடுத்தாங்களே

பாலு: 54 ஸ்டேஷன்ல போஸ்டர் ஒட்டிட்டு எடுத்தாங்க. இங்க யாருக்குச் சொன்னீங்க?

செல்வி அக்கா: நான் என்ன பார்க்கிறேன்னும் தெரியுமா?

பாலு: எந்த தளம்னு டிஎன்எஸ் லாக் (போன் தளத்தோட பேரைக் கேட்டுத் தேடுற பதிவு) சொல்லிடும், உள்ள பார்த்தது தெரியாது. அந்த லாக்கே வேண்டாம்.

முருகன்: முகவரியை அப்படியே வெக்கல, ஹேஷ் பண்ணி, அதாவது வேற குறியீடா மாத்தித்தான் வெச்சிருக்கேன்

ராகவன் சார்: பத்தாது. மேக் 48 பிட் நீளம்தான், கம்ப்யூட்டர்ல எல்லா முகவரியையும் ஹேஷ் போட்டுப் பார்த்தே பிடிச்சுடலாம். தினம் புது ரகசிய சாவி சேர்த்து ஹேஷ் பண்ணி, ராத்திரி சாவியை அழிச்சுடுங்க. வாரக் கணக்கு வராது, நமக்கு நாள் கணக்கு போதும்.

தங்கராஜ் தாத்தா: மோட்டார்!!!

மீனா: அணைச்சாச்சு தாத்தா

முருகன்: சரி, தலை எண்ண யார் வர்றீங்க?

மீனா: பாலு

பாலு: திங்கள் மட்டும்

ராகவன் சார்: ஒரு நாள் பத்தாது

செல்வி அக்கா: பூட்டுறீங்களா இல்லையா?

முருகன்: இப்போதைக்கு 9 மணிக்குப் பூட்டுவோம். மீட்டிங்ல பேசுவோம்