திருவான்மியூர் வீட்டு சன்ஷேடில் விரிசல்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். கடற்கரைக்குப் பக்கத்தில் எங்களுடைய பழைய வீடு. ஹாலில் பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு கீறல். அது பெரிய கவலையில்லை, பூச்சைக் கொத்திவிட்டு சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பி வலை) அடித்துப் பூசிக்கொள்ளலாம்.

பயமெல்லாம் சன்ஷேடு (ஜன்னலுக்கு மேலே வெளியே நீட்டியிருக்கும் கான்கிரீட் பலகை) பற்றித்தான். அடிப்பக்கம் கம்பி ஓடும் திசையிலேயே வெடித்திருக்கிறது, பழுப்புக் கறை வேறு. தட்டினால் பொக்கென்று சத்தம். உப்புக் காற்றில் கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட்டைத் தள்ளுகிறது போல. வந்து பார்த்த கொத்தனார், "சிமெண்ட் பால் அடிச்சு மேல பூசிடலாம் சார்" என்கிறார். உள்ளே துருவை வைத்துக்கொண்டு மேலே பூசி என்ன பயன்? பொக்கானதை உடைத்து, கம்பியைச் சுற்றிலும் தேய்த்து, துருத்தடுப்பு ப்ரைமர் அடித்து, பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவையால் அடைப்பதுதானே முறை?

கம்பி எவ்வளவு மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும்? ப்ரைமர் எபாக்சி (பிசின்) வகையா, ஜிங்க் (துத்தநாகம்) வகையா? கடலோர வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் இந்த வேலை தெரிந்த ஆள் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும். கீழே பிள்ளைகள் விளையாடும் இடம், இப்போதைக்குக் கயிறு கட்டித் தடுத்திருக்கிறேன்.