பல் டாக்டர் என்றாலே அம்மாவுக்குப் பயம், ஹோமியோபதி கை கொடுக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை, வேர் சிகிச்சை செய்தே ஆக வேண்டுமாம். ஆனால் அந்த நாற்காலியில் சாய்ந்ததும் கை சில்லிட்டுப் போய், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். டிரில் சத்தம் கேட்டால் எழுந்தே விடுகிறார். இப்போதைக்குக் கிராம்புத் தைலத்தில்தான் வண்டி ஓடுகிறது.

நடுக்கம், கால் துவளுதல் என்றால் ஜெல்சிமியம், திடீர்ப் பீதிக்கு அகோனைட், கிளம்பும் முன்பே வயிற்றைக் கலக்கினால் அர்ஜென்டம் நைட்ரிகம் என்று ஹோமியோபதியில் கொடுப்பார்கள். 30சி வீரியத்தில், அதாவது நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்த மருந்தில், மூலப்பொருள் எதுவும் மிஞ்சாது என்பது தெரியும். அம்மாவுக்கு அந்தச் சர்க்கரை உருண்டைகள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதைப் போட்டுக்கொண்டு தைரியமாக வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். சொத்தை மட்டும் அதில் ஆறாது, தள்ளிப்போட்டால் சீழ் கட்டிவிடும்.

இப்படிச் சாப்பிட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போனவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். அப்புறம், நைட்ரஸ் ஆக்சைடு (சிரிப்பூட்டும் வாயு) கொடுத்துப் பதற்றத்தைக் குறைத்துச் சிகிச்சை செய்யும், பொறுமையான பல் மருத்துவர் மதுரைப் பக்கம் யாராவது இருக்கிறாரா? அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்.