பியூஸ் பிடுங்கும் இடுக்கி ஈப்போ பக்கம் எங்கே கிடைக்கும்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன்.

அப்பாவின் பழைய வேனில் ஹெட்லைட் பியூஸ் அடிக்கடி போகிறது. நேற்று மூக்குக் குறடால் இழுத்தேன். பிளாஸ்டிக் தலை நொறுங்கி, இரண்டு கால்களும் பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. பேட்டரி வயரை முதலில் கழற்றியிருந்தேன், அதனால் தப்பித்தேன். அம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஒரு முனையில் தட்டை பியூஸையும் மறுமுனையில் கண்ணாடிக் குழாய் பியூஸையும் பிடிக்கிற பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று தேவை. ஈப்போ ஹார்ட்வேர் கடைகளில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். 20 ரிங்கிட்டுக்குள் இருந்தால் நல்லது.

சோதிக்க ஊசிமுனை டெஸ்ட் லைட் போதுமா, மல்டிமீட்டரே வாங்கலாமா? தட்டை பியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். சுவிட்ச் போட்டு டெஸ்ட் லைட் முனையால் தொட்டால் இரண்டிலும் அதன் விளக்கு எரிய வேண்டும். ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் அவுட். கண்ணாடி பியூஸ்தான் ஏமாற்றுகிறது. கம்பி முழுசாகத் தெரியும், மூடிக்குள் அறுந்திருக்கும். அதற்கு, கம்பி அறுபடாமல் இருந்தால் மல்டிமீட்டர் போடும் 'பீப்' சத்தம்தான் கதி.

பக்கத்து வீட்டு மாமா, "நீல 15 ஆம்பியரை எடுத்துட்டு மஞ்சள் 20 போடு, போகவே போகாது" என்கிறார். போகாதுதான், வயர் கருகும்! அதை நான் செய்யப்போவதில்லை.

இன்னொன்று: ரிவர்ஸ் கேமராவுக்கு வயரிடையே மாட்டும் பியூஸ் ஹோல்டர் வாங்கணும். மழைத்தண்ணீர் புகாத, மூடி உள்ள வகையாக வேண்டும். பேட்டரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.