எச்சமா, நஞ்செச்சமா: பாடத்தாளுக்கு வேண்டிய சொல் குறித்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வேளாண் பட்டயப் படிப்பு மாணவர்களுக்கான பாடத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களில் ஆலார் என்ற வணிகப் பெயரில் தெளிக்கப்பட்ட டாமினோசைடு, பாதுகாப்பு மதிப்பீட்டுக்கு உள்ளாகி உணவுப் பயிர்களிலிருந்து விலக்கப்பட்ட வரலாறுதான் பாடம். செடியின் வளர்ச்சியை மாற்றும் இத்தகைய வேதிப்பொருளுக்கு ஒன்று, தெளித்தபின் உணவில் தங்கும் மருந்துக்கு ஒன்று என இரண்டு சொற்களைக் கேட்டு நான் இட்ட மடலுக்கு இவ்வளவு மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அனைத்தையும் படித்துவிட்டே எழுதுகிறேன்.

முதல் சொல்லை விரைவில் முடித்துவிடலாம். 'வளர்ச்சி ஊக்கி' என்பது உழவரிடமும் உரக்கடையிலும் வேரூன்றிய சொல் என்று பலர் எழுதினீர்கள், அது உண்மைதான். ஆனால் டாமினோசைடு வளர்ச்சியை ஊக்குவதில்லை. செடியை நீளச் செய்யும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் உருவாவதைத் தடுத்துத் தளிரின் நீட்சியைக் குறைக்கிறது. பழம் முன்கூட்டியே உதிராமல் காம்பில் நிற்கவும், கெட்டியாகவும் சிவப்பாகவும் இருக்கவும் உதவுகிறது. அடக்கும் பொருளை ஊக்கி என்று கற்பித்தால், மாணவர் அடுத்த பக்கத்திலேயே குழம்பிவிடுவார். மாற்றாக முன்வைக்கப்பட்ட 'ஒழுங்கி' என்பதில் பெயர்ச்சொல்லின்மேல் இகர விகுதி ஏறுகிறது, 'கொல்லி' போல வினையடியிலிருந்து பிறக்கவில்லை என்று மதுரைப் பெரியவர் காட்டிய குறையை ஏற்கிறேன். 'ஒழுங்குபடுத்தி' என்றால் ஒழுங்குமுறை ஆணையமும் அதே பத்தியில் வருவதால் வேதிப்பொருள் எது, அரசு அமைப்பு எது என்ற தடுமாற்றம் நேரும். எனவே 'வளர்ச்சி நெறிப்படுத்தி' என்றே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது சொல்தான் நம்மைப் பிரித்தது. தெளித்த மருந்தில் பழத்தில் தங்குவதை என்னவென்று சொல்வது? 'படிவு' என்ற பரிந்துரை கேட்க எளிமையாக இருந்தாலும் பொருளால் தவறானது. படிவது மேற்பரப்பில் படிவது. கழுவினால் போய்விடும் என்ற எண்ணத்தை அது தரும். டாமினோசைடு இலை வழியே செடிக்குள் புகுந்து பழத்தின் சதைக்கே சென்றுவிடும். கழுவினாலும் தோலைச் சீவினாலும் நீங்காது. ஒரு தாய் அந்தச் சொல்லை நம்பிப் பழத்தைக் கழுவிக் குழந்தைக்குக் கொடுப்பாரானால், பிழை சொல்லைத் தந்த நம்முடையது.

'எச்சம்' என்றால் வகுப்பில் பறவையின் எச்சம் நினைவுக்கு வரும் என்ற கவலை எனக்குப் பெரிதாகப் படவில்லை. பெயரெச்சமும் வினையெச்சமும் படித்தவர்கள்தாம் நம் மாணவர்கள். யாழ்ப்பாணத்து அம்மையார் எழுப்பிய வினாதான் என்னை இரண்டு இரவுகள் யோசிக்க வைத்தது. ஆப்பிள் சாற்றையோ கூழையோ காய்ச்சும்போது டாமினோசைடின் ஒரு பகுதி சிதைந்து டைமெத்தில் ஹைட்ரசீனின் சமச்சீரற்ற வடிவமாக மாறுகிறது. (ஏவுகலங்களில் எரிபொருளாகப் பயன்படும் பொருள் இது, 1989இல் மக்களிடம் பரவிய அச்சத்தில் இந்தச் செய்திக்கும் பங்கு உண்டு.) புற்றுநோய் ஐயம் முதன்மையாக எழுந்தது இந்தப் பொருளைப் பற்றித்தான். தோட்டத்தில் எவரும் இதைத் தெளிக்கவில்லை. தெளிக்காத ஒன்று எஞ்சுவது எப்படி, அதை எச்சம் என்பது தகுமா என்று அவர் கேட்டார்.

தகும் என்பதே என் முடிவு, அதற்குச் சான்று குறளில் இருக்கிறது. "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்ற இடத்தில் எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்றே உரை கொள்கிறார். மிஞ்சியது மட்டுமன்று, ஒன்றிலிருந்து தோன்றி அதற்குப் பின் நிற்பதும் எச்சமே. மதிப்பீட்டாளரும் இதையேதான் செய்கிறார்: தெளித்த பொருளையும், அதிலிருந்து பிறந்து நலத்துக்குக் கேடு செய்யக்கூடிய பொருள்களையும் சேர்த்தே கணக்கிடுகிறார். இவ்வளவு பொருத்தமான சொல் கையிருப்பில் இருக்கப் புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை.

கோவை நண்பரின் 'நஞ்செச்சம்' மக்களுக்கு உடனே விளங்கும் என்பதை மறுக்க முடியாது. மென்மையான சொல் மருந்து விற்பவருக்குத்தான் உதவும் என்ற அவருடைய கோபமும் நேர்மையானது. ஆனாலும் நஞ்சா இல்லையா, எந்த அளவில் நஞ்சு என்பதுதானே மதிப்பீட்டின் கேள்வி? விலங்குகளுக்கு நாள்தோறும் கொடுத்துத் தீங்கு தென்படாத உச்ச அளவைக் காண்கிறார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு 10, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு 10 என வழக்கமாக அதை 100ஆல் வகுத்து, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் என வரையறுக்கிறார்கள். புற்றுநோய் ஐயம் உள்ள இடத்தில் இந்த வகுத்தல் போதாமல், வாழ்நாள் முழுவதற்குமான இடரை அமெரிக்காவில் கணக்கிட்டார்கள்; எடைக்கு எடை பெரியவர்களைவிட மிகுதியாக ஆப்பிள் உண்ணும் குழந்தைகளே அங்கு வாதத்தின் மையமானார்கள். 1985இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடையை முன்மொழிந்தபோது, இருந்த ஆய்வுகள் குறைபாடுடையவை என்று அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவே சொன்னது. புதிய சோதனைகள் நடந்தன. 1989இல் தொலைக்காட்சி வழியே அச்சம் நாடெங்கும் பரவி, அதே ஆண்டில் உணவுப் பயிர்களுக்கான பயன்பாடு நின்றது. அலங்காரச் செடிகளுக்கு அதன் பின்னும் தொடர்ந்தது. இந்த வரலாற்றின் முதல் வரியிலேயே 'நஞ்செச்சம்' என்று எழுதிவிட்டால், தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு வழக்கைப் பிறகு கற்பித்தது போலாகும்.

உணவில் தங்க அனுமதிக்கப்படும் எச்சத்தின் உச்ச வரம்பை அமெரிக்கச் சட்டம் 'பொறுத்தல்' என்ற பொருளுடைய சொல்லால் குறிக்கிறது. அதைச் 'சகிப்பளவு' என்று பெயர்க்க முன்வந்தவர்களுக்கு நன்றி. எனினும் உடல் சகித்துக்கொள்ளும் அளவு என்ற தவறான பொருள் வரும் என்பதால் 'எச்ச வரம்பு' என்றே எழுதுகிறேன்.

பெரும்பாலோர் 'எச்சம்' பக்கம் வந்துவிட்டீர்கள், சிலர் வாதத்தில் களைத்தே வந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கோவை நண்பர் உடன்படவில்லை. அவருடைய சொல்லையும் காரணத்தையும் அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன். ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தில் பிறக்கும் சிதைவுப்பொருளையும் உடலுக்குள் பிறக்கும் மாற்றுப்பொருளையும் ஒருங்கே குறிக்க அம்மையார் தந்த 'வழிப்பொருள்' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மதுரைப் பெரியவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஐயா, வியாழன் இரவுக்குள் தங்கள் கருத்து கிடைத்தால் பாடத்தாளில் சேர்த்துவிடுவேன்.