குறைந்த செலவில் இரண்டாவது ஸ்போர்ட் குவாட்: ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா காட்டுத்தடங்களுக்கு எதை வாங்கலாம்?

கொலம்பஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோவின் கொலம்பஸ் நகருக்கு அருகில் வசிக்கிறேன். என்னிடம் 2006ஆம் ஆண்டின் ஹோண்டா 400இஎக்ஸ் ஸ்போர்ட் குவாட், அதாவது கரடுமுரடான தடங்களில் விரைந்து ஓட்டுவதற்கான நான்கு சக்கர வண்டி, ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் வெய்ன் தேசியக் காட்டின் மண்டே கிரீக் தடங்களில் ஓட்டுவேன்; நீண்ட விடுமுறை வாய்த்தால் மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்களுக்குச் செல்வேன். ஸ்போர்ட் குவாட் ஒருவர் மட்டுமே அமரத்தக்கது என்பதால் இதுவரை தனியாகவே ஓட்டி வந்தேன். இப்போது என் மனைவியும் தொடக்கநிலை ஏடிவி (இத்தகைய காட்டுவழி வண்டி) பயிற்சியை முடித்துவிட்டு, தமக்கும் ஒரு வண்டி வேண்டும் என்கிறார். ஊரில் ஸ்கூட்டர் ஓட்டிய பழக்கம் அவருக்கு உண்டு. கிளட்ச் பிடித்துக் கியர் மாற்றும் வண்டி புதிது.

ஒதுக்கியிருக்கும் தொகை 3,500 டாலர். தலைக்கவசம், காலணி போன்றவையும் இதற்குள் அடங்க வேண்டும் என்பதால் புதிய வண்டியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பழைய வண்டிகளில் என் கண்ணில் பட்டவை நான்கு: 2007ஆம் ஆண்டின் யமஹா ஒய்எஃப்இசட்450, அதே ஆண்டின் சுசுகி இசட்400, யமஹா ராப்டர் 250, ஹோண்டா டிஆர்எக்ஸ்250எக்ஸ். இரண்டாவதாக வாங்குவது முதல் வண்டியைவிட வேகமானதாக இருக்க வேண்டும், அதை நான் வைத்துக்கொண்டு பழையதை மனைவிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உடன் ஓட்டும் நண்பர்கள் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மலைத்தடம்:

வணக்கம் நண்பரே. ஒய்எஃப்இசட்450 நல்ல வண்டி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது மோட்டோகிராஸ் எனப்படும் மண்தடப் பந்தய மைதானத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. அதன் 439 சிசி எஞ்சின் உயர்ந்த சுழற்சியில்தான் முழு வலுவையும் காட்டும். முதல் கியரே சற்று வேகமானதாக அமைந்திருப்பதால், வேர்களும் கற்களும் நிறைந்த நெருக்கமான திருப்பங்களில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கும். கொஞ்சம் அசந்தால் எஞ்சின் நின்றுவிடும். முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்து இதை ஓரளவு சரிசெய்யலாம். ரிவர்ஸ் கியர் இல்லாத குறையை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. ஏற்றத்தின் நடுவில், முன்னே பாறையும் பின்னே மரமுமாக மாட்டிக்கொண்ட நிலையில், 350 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டியைக் கையால் பின்னுக்கு இழுத்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் ரிவர்ஸ் கியரின் அருமை தெரியும். ஹோண்டா 450ஆர், சுசுகி எல்டி-ஆர்450 ஆகியவற்றிலும் அது கிடையாது. 450 வகையில் ரிவர்ஸ் வேண்டுமென்றால் 2008இல் வெளிவந்த கவாசாகி கேஎஃப்எக்ஸ்450ஆர் வண்டியைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பந்தய எஞ்சின்களுக்குப் பராமரிப்பை மணிக்கணக்கில்தான் அளக்கிறார்கள். எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், வால்வு இடைவெளியை ஒழுங்காகப் பார்த்து வர வேண்டும். முந்தைய உரிமையாளர் இவற்றைச் செய்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. பழைய 450 ஒன்று மலிவாகக் கிடைத்தால், பிஸ்டனும் வால்வுகளும் மாற்ற வேண்டிய வேளை நெருங்கியதால்தான் விற்பனைக்கு வந்ததோ என்று ஐயுறுவதே நல்லது. மேலும், பந்தயத்துக்காக நீளமான ஏ-ஆர்ம்களும் (முன் சக்கரங்களைச் சட்டகத்துடன் இணைக்கும் கைகள்) அகலமான பின் ஆக்சிலும் (சக்கர அச்சு) பொருத்தப்பட்ட வண்டிகள் 50 அங்குலத்தைத் தாண்டிவிடும். வெய்ன் காட்டுத்தடங்களில் அனுமதிக்கப்பட்ட அகலமே அவ்வளவுதான். எனவே பார்க்கப் போகும்போது அளவுநாடாவை எடுத்துச் செல்லுங்கள்.

என் பரிந்துரை உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம்: இன்னொரு 400இஎக்ஸ் வாங்குங்கள். 1999 முதல் வந்த வண்டி அது. 2005ஆம் ஆண்டு முதல்தான் ரிவர்ஸ் கியர் சேர்க்கப்பட்டது என்பதால் அதற்கு முந்தையவற்றைத் தவிர்த்துவிடுங்கள். 2009 முதல் 400எக்ஸ் என்ற பெயரில் விற்கப்பட்டதும் அடிப்படையில் இதே வண்டிதான். காற்றால் குளிரும் 397 சிசி எஞ்சின், குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் தன்மை, ஒரே கார்புரேட்டர் என்று அதில் கெட்டுப்போகக்கூடியவையே குறைவு. வீட்டில் ஒரே மாதிரியான இரண்டு வண்டிகள் இருந்தால் காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், பிரேக் பேட், கிளட்ச் லீவர், செயின் இணைப்பு என எல்லாவற்றிலும் ஒரு தொகுதி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் போதும். காட்டுக்குள் ஒரு லீவர் உடைந்தால், எந்த வண்டியின் லீவர் என்ற கேள்வியே எழாது.

எதை வாங்கினாலும், புதிதாக வீட்டுக்கு வரும் வண்டியை முதலில் நீங்களே ஓட்டுங்கள். பழகிய வண்டியை மனைவியிடம் கொடுங்கள். அது வேகமானது என்பதற்காக அல்ல. அதன் குறைகள் இன்னும் வெளிப்படவில்லை, வெளிப்படும்போது சமாளிக்கக்கூடியவர் நீங்கள்தான் என்பதற்காக.

செம்மண்பாதை:

ஐயா, மலைத்தடம் அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் வண்டியில் ஏறி உட்காரப் போகிறவரின் கை நீளம், கால் எட்டும் தூரம் ஆகியவற்றைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் வராதது எனக்கு வியப்பளிக்கிறது. நான் உயரம் குறைவான பெண். மேற்கு வர்ஜீனியாவின் மலைத்தடங்களில் ஓட்டி வருகிறேன். நாள் முழுவதும் ஓட்டும்போது தொடைகளுக்கு முன்னால் களைத்துப்போவது இடது கையின் விரல்கள்தான். ஆகவே தங்கள் துணைவியாரை இப்போதே உங்கள் 400இஎக்ஸ் மீது அமரச் செய்து, கிளட்ச் லீவரை இரண்டு விரல்களால் தொடர்ந்து பிடித்து விடச் சொல்லுங்கள். லீவர் எட்டவில்லை என்றால், எட்டும் தூரத்தைச் சரிசெய்யக்கூடிய லீவர்கள் கிடைக்கின்றன. கேபிளுக்கு எண்ணெய் விட்டாலே பாதிச் சிரமம் குறைந்துவிடும். பிரேக்கையும் கியரையும் நிமிராமலும் குனியாமலும் மிதிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

கிளட்ச்தான் தடை என்றால் டிஆர்எக்ஸ்250எக்ஸ் வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். அதில் கிளட்ச் லீவரைப் பிடிக்காமலேயே காலால் கியர் மாற்றலாம். வேண்டுமென்றால் பிடித்தும் மாற்றலாம். கியரில் இருக்கும்போது பிரேக் பிடித்து நின்றாலும் எஞ்சின் அணையாது. புதிதாக ஓட்டுபவர் ஏற்றத்தில் பதற்றப்படுவதற்கான காரணங்களில் முதன்மையானது இதனால் நீங்கிவிடும். ரிவர்ஸ் கியர் உண்டு. செயினுக்குப் பதிலாகத் தண்டின் வழியாகப் பின் சக்கரங்களைச் சுழற்றும் அமைப்பு என்பதால் சேற்றில் செயின் தேய்வது, தளர்வது என்ற தொல்லைகளும் இல்லை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது: எஞ்சின் 229 சிசிதான், சஸ்பென்ஷனும் எளிமையானது. ஹாட்ஃபீல்ட்-மெக்காயில் பச்சைக் குறியிட்ட எளிய தடங்களிலும் நீலக் குறியிட்ட நடுத்தரத் தடங்களிலும் அது தாராளமாகப் போதும். கறுப்புக் குறியிட்ட கடினத் தடங்களுக்குள் உங்கள் 400இஎக்ஸ் பின்னால் அதை விரட்டிக்கொண்டு வந்தால் அவருக்கு அடி வயிற்றில் கலக்கம்தான் மிஞ்சும்.

ராப்டர் 250 எடை குறைந்தது, விரைந்து திரும்பும், பார்க்கவும் அழகு. ஆனால் அதில் ரிவர்ஸ் கியர் இல்லை. எடை குறைவு என்பதால் கையால் இழுத்துவிடலாம் என்று விற்பவர் சொல்வார். வெய்ன் காட்டின் களிமண் சரிவில், மழைக்கு மறுநாள், அவரையே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்குத் தோன்றுவது: துணைவியார் ஓரிரு மாதங்களில் கிளட்சுக்குப் பழகிவிடுவார் என்றால் 400 வகை, காட்டின் நடுவே நின்று காபி குடித்து, பறவை பார்த்து, மெதுவாகத் திரும்புவதே அவருக்கு விருப்பம் என்றால் 250எக்ஸ். இதை அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழையஎஞ்சின்:

எந்த வண்டி என்ற விவாதத்தில் நான் நுழையவில்லை. பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய குவாட்களில் பெயரைவிட அந்தத் தனி வண்டியின் நிலைமையே பெரிது. 3,500 டாலரில் வண்டிக்கு 2,500க்கு மேல் கொடுக்காதீர்கள். டயர், பேரிங், செயின், பாதுகாப்பு உடைகள் ஆகியவை மீதியை எளிதாக விழுங்கிவிடும்.

பார்க்கப் போவதற்கு முன், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் கிளம்பாது என்பதை அவர் மறைக்கிறார் என்று கொள்ளலாம். அடுத்து இருக்கையைக் கழற்றிக் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறங்கள். வடிகட்டியை எடுத்துவிட்டு, கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாயின் உட்புறத்தை ஒரு விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் ஒட்டினால் நல்லது. நறநறவென்று மணல் ஒட்டினால், எஞ்சின் அந்த மணலைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பிஸ்டன் வளையங்களுக்கு ஆயுள் இருக்காது. பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம்.

பிறகு முன்புறத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்டோ (ஏ-ஆர்ம் முனையிலுள்ள குமிழ் இணைப்பு) சக்கரத்தின் பேரிங்கோ போயிருக்கிறது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் தண்டு) முனைகளின் நிலை தெரியும். பின்புறத்தைத் தூக்கிச் சக்கரங்களைச் சுழற்றும்போது ஹப் (சக்கரத்தின் மையப்பகுதி) வட்டமாகச் சுழலாமல் அலைந்தால் ஆக்சில் வளைந்திருக்கிறது. சட்டகத்தின் வெல்டிங் இடங்களில், குறிப்பாக ஏ-ஆர்ம்கள் பொருந்தும் இடங்களில், வெடிப்போ மறு வெல்டிங்கோ இருக்கிறதா என்று கைவிளக்கு வைத்துப் பாருங்கள். புதிதாக அடித்த பெயின்ட் அங்கே மட்டும் பளபளத்தால் எச்சரிக்கை தேவை.

400இஎக்ஸ் பார்ப்பதாக இருந்தால் எண்ணெய் அளவைக் குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதன் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். எஞ்சினைச் சூடாக்கி, சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்த பிறகு பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். குளிர்ந்த நிலையில் குச்சியில் எண்ணெய் ஒட்டவில்லை என்று மேலும் மேலும் ஊற்றியவர்கள் உண்டு.

காகிதங்களைப் பற்றி ஒரு சொல். ஒஹாயோவில் குவாட்களுக்கும் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், உண்டு. சட்டகத்தில் பொறித்த எண்ணும் டைட்டிலில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். விற்பவரின் கையொப்பம் நோட்டரி முன்னிலையில் இடப்பட வேண்டும் என்பதால், பணத்தைக் கவுண்டி டைட்டில் அலுவலகத்தில் வைத்தே கொடுப்பது வசதி. ‘டைட்டில் தொலைந்துவிட்டது, ரசீது எழுதித் தருகிறேன்’ என்பவரிடம், மறுபிரதி எடுத்த பிறகு அழைக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கொலம்பஸ்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியை அமரச் செய்து பார்த்தேன். கிளட்ச் எட்டுகிறது, கேபிளுக்கு எண்ணெய் விட்ட பிறகு சிரமமில்லை என்றார். காபி குடிக்க அவருக்கும் விருப்பம்தான், ஆனால் கறுப்புத் தடத்தின் உச்சியில் ஏறிய பிறகு குடிக்க வேண்டுமாம். எனவே 250 வகையை விட்டுவிடுகிறோம். ஒய்எஃப்இசட்450 பற்றிய ஆசையையும் விட்டாயிற்று. அருகில் நல்ல 400இஎக்ஸ் எதுவும் விற்பனைக்கு வரவில்லை. இசட்400 மட்டும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? இரண்டு வண்டிகளை ஏற்றிச் செல்ல இப்போதுள்ள எட்டடி டிரெய்லர் போதுமா என்பதும் தெரிய வேண்டும்.

மலைத்தடம்:

இசட்400 உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். 398 சிசி, நீரால் குளிரும் எஞ்சின், ரிவர்ஸ் கியர், மின் ஸ்டார்ட்டர். 400இஎக்ஸ் வண்டியைவிடச் சற்றுச் சுறுசுறுப்பானது. அதே வண்டிதான் 2003 முதல் சில ஆண்டுகள் கவாசாகி கேஎஃப்எக்ஸ்400 என்றும், 2004 முதல் ஆர்க்டிக் கேட் டிவிஎக்ஸ்400 என்றும் நிறம் மாற்றி விற்கப்பட்டது. ஆகவே தேடும்போது மூன்று பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். பெயர் குறைவாகத் தெரிந்த வண்டி சில சமயம் விலையும் குறைவாகக் கிடைக்கும், உதிரிபாகங்களும் பெரும்பாலும் ஒன்றே. 2009 முதல் வந்த இசட்400 வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் ஊசி அமைப்பு உண்டு. உங்கள் தொகையில் அது கிடைத்தால் அதிர்ஷ்டம். பார்க்கும்போது ரேடியேட்டரின் தகடுகளில் சேறு இறுகியிருக்கிறதா, விசிறி தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பக்கவாட்டிலிருந்து சங்கிலி அடிப்பது போன்ற சத்தம் கேட்டால் கேம் செயின் டென்ஷனரை (எஞ்சினுக்குள் ஓடும் செயினை இறுக்கி வைக்கும் பாகம்) சோதிக்க வேண்டும். அதை மாற்றுவது பெரிய வேலையல்ல, விலையில் குறைத்துக் கேட்கலாம்.

உதிரிபாகங்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதி மட்டும் போய்விடும். டயர்களையாவது இரண்டுக்கும் ஒரே அளவில் போட்டுக்கொள்ளுங்கள். பந்தய வண்டிகளில் வரும் 18 அங்குலப் பின் டயர் கற்களில் அடிவயிற்றை உரசும். காட்டுக்கு 20 அங்குலம் போட வேண்டும். கால் சக்கரத்துக்கு அடியில் நழுவாமல் தடுக்கும் நெர்ஃப் பார்கள் இல்லாத வண்டியில் மனைவியை ஏற்றாதீர்கள். அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

ஒரு ஸ்போர்ட் குவாட் சுமார் ஆறடி நீளம், நான்கடிக்குச் சற்றுக் குறைவான அகலம். ஆகவே எட்டடி டிரெய்லரில் முன்னும் பின்னுமாக இரண்டு நிற்காது, பன்னிரண்டடி வேண்டும். டிரெய்லரின் உட்புற அகலம் ஆறரை அடியாவது இருந்தால் குறுக்காக நிறுத்திப் பார்க்கலாம், கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். பிக்கப் வண்டி இருக்கிறது என்றால் ஒன்றை அதன் பின்புறத்திலும் மற்றதை டிரெய்லரிலும் ஏற்றிவிடலாம், புதிய டிரெய்லரே தேவைப்படாது.

அவசரம் இல்லையென்றால் டிசம்பர் நடுப்பகுதி வரை பொறுங்கள். வெய்ன் காட்டுத்தடங்கள் அப்போது மூடப்பட்டு ஏப்ரல் நடுவில்தான் திறக்கின்றன. கொட்டகையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வண்டியை விற்பவர்கள் அந்த மாதங்களில்தான் இறங்கி வருவார்கள். 400இஎக்ஸ் ஒன்றும் அதற்குள் கண்ணில் படக்கூடும்.